ஆறு மாதிரிகளும் புள்ளிராஜாவும்

1986 பிப்ரவரியில், சென்னையிலிருந்து காட்பாடிக்குச் சென்ற இரவு ரயிலொன்றில், பனிக்கட்டிப் பெட்டிக்குள் எண்பதுக்கும் மேற்பட்ட இரத்த மாதிரிகள் பயணம் செய்தன. சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பயின்ற முதுகலை மாணவி செல்லப்பன் நிர்மலா, பேராசிரியை சுனிதி சாலமனின் வழிகாட்டலில் தம் ஆய்வேட்டுக்காகச் சேகரித்தவை அவை. அதுவரை வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில்தான் அவற்றை வைத்திருந்தார். வேலூர் சி.எம்.சி.யில் சோதித்தபோது ஆறு மாதிரிகளில் எச்.ஐ.வி. தெரிந்தது. இது மேல்நாட்டு ஒழுக்கக்கேட்டின் நோய், நம்மை அண்டாது என்று பரவலாக நம்பப்பட்ட காலம் அது.

இந்தியாவின் எய்ட்ஸ் வரலாறு ஒரு மாணவியின் ஆய்வேட்டில் தொடங்குகிறது என்பதில் நாம் பெருமைப்படலாம்தான். ஆனால் இரத்தம் கொடுத்தவர்கள் யார்? பெரும்பாலும் காவல்துறை பிடித்துவந்து காப்பகத்தில் அடைத்திருந்த பாலியல் தொழிலாளிகள். எதற்கான சோதனை என்று அவர்களிடம் சொல்லப்படவில்லை. ஒப்புதலின்றிச் சோதிக்கலாகாது என்று தனிச்சட்டம் வர 2017 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கண்டுபிடிப்பு இப்படி அமைந்ததாலோ என்னவோ, தொடக்ககாலப் பிரசாரம் நோயை 'அந்தப் பெண்களிடம்' இருப்பதாகவே பேசியது. மண்டையோட்டுச் சுவரொட்டிகள் அச்சத்தைக் கற்பித்தன. ஆணுறையைப் பற்றி முணுமுணுத்தன. 1991இல் நாட்டு நலப்பணித் திட்டம் பல்கலைக்கழகங்களில் எய்ட்ஸ் பற்றிப் பேசும் இயக்கமொன்றைத் தொடங்கியது நல்ல முயற்சி. எனினும் ஒழுக்கத்தைப் பேசுவது ஆசிரியருக்கு எளிது, உறையைப் பேசுவது கடினம்.

அந்தத் திசையைச் சற்றே திருப்பியது, என் கணிப்பில், 2003இன் விளம்பரத் தட்டிகள். புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா என்று அவை கேட்டன; அவ்வளவுதான். மும்பையின் 'பல்பீர் பாஷா' விளம்பரத்தின் தமிழ் வடிவம் இது. ஊரே சிரித்தது. முகம் சுளித்தவர்களும் உண்டு. ஆனால் முதன்முறையாகக் கேள்விக்குறி ஆணின் மேல் விழுந்தது. தேநீர்க்கடையில் இளைஞர்கள் நோயைப் பெயர்சொல்லிப் பேசினார்கள்.

நான்கே ஆண்டுகளில், 2007இல், மகாராஷ்டிரம், கர்நாடகம், மத்தியப் பிரதேசம் உள்ளிட்ட மாநிலங்கள் வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தைப் பள்ளிகளில் நிறுத்தின. பண்பாடு கெட்டுவிடுமாம். அப்பள்ளிகளிலிருந்து வந்த மாணவர்கள், கல்லூரியில் செஞ்சுருள் சங்கம் ஏற்பாடு செய்யும் ஒரு மணிநேர உரையில் எல்லாவற்றையும் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது.