மந்தைக்கு முன் சென்ற அடுக்களை

1865-ஆம் ஆண்டில் அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிவுற்றபோது டெக்ஸாஸ் மாநிலத்தில் பணத்திற்குப் பஞ்சமிருந்தது, மாடுகளுக்குப் பஞ்சமில்லை. நீண்ட கொம்புடைய மாடுகள் இலட்சக்கணக்கில் பெருகித் திரிந்தன. அங்கே விலை போகாத மாடு வடதிசை நகரங்களில் பன்மடங்கு விலை பெறும். ஆனால் அவ்வளவு தொலைவும் ஏற்றிச் செல்ல அன்று இருப்புப்பாதை இல்லை. ஆகவே மந்தைகளை நடத்தியே கொண்டு சென்றனர். 2,000 அல்லது 3,000 மாடுகள், அவற்றை ஓட்டப் பத்துப் பன்னிரண்டு குதிரை வீரர்கள், நாளொன்றுக்கு 10 முதல் 15 மைல், பயணமோ மாதக்கணக்கில். ஊரும் கடையும் இல்லாத அப்புல்வெளியில் இவர்களுக்கு உணவிடுவது எங்ஙனம்?

1866-இல் சார்லஸ் குட்நைட் என்னும் பண்ணையாளர் இதற்கு ஒரு வழி கண்டார். இராணுவம் கழித்துவிட்ட வண்டியொன்றின் பின்புறத்தில், பல அறைகள் கொண்ட மரப்பெட்டியைப் பொருத்தினார். மாவு, காப்பி, உப்பு, மருந்து ஆகிய யாவும் அதனுள் அடங்கின. பெட்டியின் கதவைக் கீழே சாய்த்து ஒரு காலை ஊன்றினால் அதுவே சமையல் மேசை. பக்கத்தில் தண்ணீர்ப் பீப்பாய். வண்டியின் அடியில் தொட்டில்போல் ஒரு மாட்டுத்தோலைக் கட்டி, வழியில் கிடைக்கும் சுள்ளிகளையும் உலர்ந்த சாணத்தையும் அதில் இட்டு வந்தனர். நம் வறட்டிக்கு அங்கும் ஓர் உறவு இருந்தது காண்க!

சமையற்காரர் விடியலுக்கு வெகு முன்பே எழுந்து அடுப்பு மூட்டுவார். காலை உணவு முடிந்ததும் பாத்திரங்களைக் கழுவிக் கட்டிக்கொண்டு, மந்தையை முந்திச் சென்று அடுத்த தங்குமிடத்தில் சமைத்து வைக்க வேண்டும். நாம் இட்லி மாவைப் புளிக்க வைப்பதுபோல் அவர் கோதுமை மாவைப் புளிக்க வைத்தார். குளிர் மிகுந்த இரவுகளில் மாவுப் பீப்பாயைத் தம் போர்வைக்குள்ளேயே வைத்து உறங்கியவர்களும் உண்டு. மாவு கெட்டால் மறுநாள் ரொட்டி இல்லை. கால்களுடைய வார்ப்பிரும்புச் சட்டியில் மாவை உருட்டி வைத்து, சட்டியின் அடியிலும் மூடியின் மேலும் தணலிட்டுச் சுட்டனர். அதனுடன் வேகவைத்த பயறு, உப்பிட்ட பன்றி இறைச்சி, கடுங்காப்பி. மாடுகளின் நடுவே வாழ்ந்தும் மாட்டிறைச்சி அன்றாட உணவன்று. அவை விற்பனைச் சரக்கு அன்றோ!

சமையற்காரருக்கு மாடு ஓட்டுவோரைவிட ஊதியம் அதிகம். இது உரிமையாளரின் தாராள குணத்தால் நேர்ந்ததன்று என்பது என் எண்ணம். சாப்பாடு சரியில்லையென்றால் ஆட்கள் முணுமுணுப்பர். ஒருவர் இருவர் கூலியை வாங்கிக்கொண்டு விலகியும் விடுவர். நடுவழியில் மாற்றாள் கிடையாது. மாணவர் விடுதியைச் சில ஆண்டுகள் மேற்பார்த்த எனக்கு இதில் வியப்பில்லை.

அடுப்பைச் சுற்றிய இடத்தில் சமையற்காரர் வைத்ததே சட்டம். குதிரையை வண்டிச் சக்கரத்தில் கட்டலாகாது. உணவின்மேல் புழுதி படியும்படி காற்று வரும் திசையில் குதிரையைச் செலுத்தலாகாது. காப்பிக்காக எழுந்தவனை எவரேனும் கூவி அழைத்தால், அவன் மற்றவர் கோப்பைகளையும் நிரப்ப வேண்டும். காயத்திற்கு மருந்திடுவதும் முடி வெட்டுவதும் சமையற்காரர் பணியே. இரவில் அவர் வண்டியின் ஏர்க்காலை வடமீனை நோக்கித் திருப்பி வைப்பார். காலையில் திசை தெரிய அதுவே குறி.

இச்சமையற்காரர்களில் கறுப்பின மக்களும் மெக்ஸிகோ நாட்டவரும் பலர். குட்நைட்டின் பெயர் நூல்களில் இருக்கிறது. 2005-இல் டெக்ஸாஸ் மாநிலம் அவ்வண்டியைத் தன் அதிகாரபூர்வமான வாகனமாகவும் அறிவித்தது. அதில் நின்று சமைத்தவர்களுள் பெரும்பாலோர் பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை.

1874-இல் ஜோசப் கிளிடன் முள்கம்பிக்கு உரிமை பெற்றார். வேலிகள் வழிகளை அடைத்தன. இருப்புப்பாதைகளும் தெற்கே நீண்டன. 1880-களின் இறுதிக்குள் நெடும்பயணங்கள் ஏறக்குறைய நின்றுபோயின. பெரும் பண்ணைகளில் மட்டும், கன்றுகளுக்குச் சூடிட மந்தைகளைத் திரட்டும் பருவந்தோறும், அவ்வண்டி இருபதாம் நூற்றாண்டிலும் புல்வெளிக்குப் புறப்பட்டது.