உருகியின் அளவும் உரிமையின் எல்லையும்

கண்டி மாநகரில் எசல பெரகரா ஊர்வலம் செல்லும் இரவுகளில், யானைகளுக்கும் நடனக் கலைஞருக்கும் ஒளி தருவது இன்றும் கொப்பரைத் தீவட்டியே. அதில் எவ்வளவு கொப்பரை இடுவது என்பதைத் தீவட்டிக்காரரே முடிவு செய்துகொள்ளலாம். அவருடைய தீ அவர் கையோடு முடிகிறது. தெருவோர வீடுகளில் எரியும் மின்விளக்கின் நிலை வேறு. அது எங்கோ மலையிடையே வீழும் நீரோடும், அயல் வீட்டு விளக்கோடும் ஒரே கம்பித் தொடரால் பிணைக்கப்பட்டது. ஆதலால், ஒரு வீட்டினுள் எவ்வளவு மின்னோட்டம் புகலாம் என்பதை வரையறுக்கும் தலைமை உருகியின் அளவைத் தீர்மானிப்பவர் எவர் என்னும் வினா, மின்சாரத்தோடு உடன்பிறந்த வினாவாகும்.

பொதுமக்கள் ‘பியூஸ்’ என்று வழங்கும் உருகி மிக எளிய பொருள். மின்னோட்டம் அளவு மீறும்போது தான் உருகி, வீட்டுக் கம்பியைக் காப்பதே அதன் பணி. அமெரிக்கரான எடிசன் 1890ஆம் ஆண்டில் இதற்குக் காப்புரிமை பெற்றார். மின்னோட்டம் இருமடங்கானால், கம்பியில் பிறக்கும் வெப்பம் நான்கு மடங்காகும் என்பது ஜூல் கண்ட விதி. உருகியின் அளவு சிறு செய்தியன்று என்பதற்கு இவ்விதி ஒன்றே போதும்.

இலங்கையில் 1895ஆம் ஆண்டளவில் பூஸ்டெட் சகோதரர் நிறுவனம் கொழும்புக் கோட்டைப் பகுதிக்கு மின்சாரம் வழங்கத் தொடங்கியது. மலைநாட்டு நீர்வீழ்ச்சிகளிலிருந்து மின்வலு பெறலாம் என்று பொறியியலாளர் விமலசுரேந்திர 1918ஆம் ஆண்டில் ஆராய்ச்சியுரை வாயிலாக எடுத்துரைத்தார். அவர் கனவு கண்ட லக்சபான நிலையம் 25 மெகாவாற்று ஆற்றலுடன் இயங்கத் தொடங்கியது 1950ஆம் ஆண்டில்தான். அதே ஆண்டில் நிறைவேறிய 19ஆம் இலக்க மின்சாரச் சட்டம், உரிமம் பெற்றோரே மின்சாரம் வழங்கலாம் என்னும் ஒழுங்கை நிலைநிறுத்தியது. பல நகரங்களில் உள்ளூராட்சி மன்றங்கள் மின்சாரத்தை மொத்தமாகப் பெற்று வீடுகளுக்குப் பகிர்ந்தளித்தன. 1969ஆம் ஆண்டில் இலங்கை மின்சார சபை தோன்றியது.

கண்டியைச் சூழ்ந்த மகாவலியும் பின்னர் இப்பணியிற் சேர்ந்தது. பொல்கொல்லையில் திருப்பப்பட்ட நீர் 1976ஆம் ஆண்டு முதல் உக்குவளை நிலையத்தை இயக்கியது. 1985ஆம் ஆண்டில் 210 மெகாவாற்று ஆற்றலுள்ள விக்டோரியாத் திட்டம் நிறைவேறிற்று. பழைய தெல்தெனிய நகர் அதன் நீரில் மூழ்கியது. இத்தனை வலு அருகிலேயே பிறந்தும், கண்டி வீட்டார் விரும்பிய அளவு மின்னோட்டத்தைத் தாமாகவே பெற இயலவில்லை. ஏன்? அணைக்கும் வீட்டுக்கும் இடையே மின்மாற்றியும் தெருக்கம்பியும் உள்ளன. அவற்றின் கொள்ளளவே உண்மையான எல்லை. மலைச்சரிவில் நீண்டு செல்லும் கம்பியின் கடைசியிலுள்ள வீட்டில், மாலை நேரத்தில் வோல்ற்றளவு தாழ்ந்து விளக்கு மங்குகிறதென்றால், முன்னுள்ள வீடுகளின் பயன்பாடும் அதற்கு ஒரு காரணமாகும்.

எனவே இத்தீர்மானம் ஒருவருடையதன்று. மின்சார சபை வகுத்த முறையில், தனித்தறுவாய் இணைப்புக்கு 15 அல்லது 30 அம்பியரும், மூன்று தறுவாய் இணைப்புக்கு 30 அல்லது 60 அம்பியரும் அளவுகளாக அமைந்தன. இவற்றுள் தமக்கு வேண்டியதை விண்ணப்பதாரர் குறிப்பிடுவார். தெருக்கம்பி அதனைத் தாங்குமா என்று வழங்குநர் ஆராய்வார். வீட்டினுள் அமைந்த கம்பிகள் தக்கவை என்று தகுதியுள்ள மின்வினைஞர் சான்று தருவார். 2009ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின்பின், பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு இத்துறையின் ஒழுங்காளராக அமைந்தது; பாவனையாளர் தம் முறையீட்டை எடுத்துச் செல்ல ஓர் இடம் கிடைத்தது.

230 வோல்ற்றில் 15 அம்பியர் என்பது 3,450 வாற்று. விளக்குகளும் வானொலியும் ஓர் இஸ்திரிப் பெட்டியும் மட்டுமே இருந்த இல்லத்திற்கு அது தாராளம். குளிர்ந்த காலையில் 3,500 வாற்று நீர்ச்சூடாக்கியும் 2,000 வாற்று மின்கேத்தலும் ஒருங்கே இயங்கினால், ஏறத்தாழ 24 அம்பியர் வேண்டும். அப்பொழுது உருகி அற்றுப்போவது குற்றமன்று. அது தன் கடமையைச் செய்கிறது.

இங்கேதான் ஆபத்து பிறக்கிறது. சலிப்புற்ற வீட்டார் சிலர் உருகிக் கம்பிக்குப் பதிலாகத் தடித்த செப்புக் கம்பியைச் செருகுகின்றனர். உருகி பின்னர் உருகாது. சுவரினுள் மறைந்த கம்பியே சூடேறும். ‘ட்ரிப் ஸ்விட்ச்’ இருக்கிறதே என்னும் ஆறுதலும் முற்றும் பொருந்தாது. மின்கசிவைக் கண்டறியும் அக்கருவி, மிகைச் சுமையைத் தடுப்பதற்கென அமைந்ததன்று.

கூடுதல் அளவு வேண்டுவோர் முறைப்படி விண்ணப்பிக்கலாம். மறுக்கப்பட்டால் காரணம் கேட்கலாம். அது குடிமக்களின் உரிமை. ஆயின் வழங்குநர் முத்திரையிட்ட உருகிப் பெட்டியைத் தாமே திறப்பது அவ்வுரிமையில் அடங்காது. ஒரு வீட்டில் மூளும் தீ அவ்வீட்டுச் சுவரோடு நின்றுவிடுவதில்லை.