நாற்பது டாக்கா: ஒரு போரின் நினைவுத் தாள்

அரசோ நடுவண் வங்கியோ ஒரு வரலாற்று நிகழ்வின் ஆண்டு நிறைவைக் குறிக்கும் பொருட்டுத் தனியாக வடிவமைத்து வெளியிடும் தாளை நினைவுப் பணத்தாள் என்பது நாணயவியலார் வழக்கு. அன்றாடக் கொடுக்கல் வாங்கலில் கலந்துவிடும் தாள்களும் இவற்றில் உண்டு என்றாலும், பெரும்பாலானவை உறையிலிட்டுச் சேகரிப்பாளர்களுக்கு விற்பதற்காகவே அச்சாகின்றன. போரை நினைவுகூரும் தாள்கள் இவற்றுள் தனிக் கிளையாகவே வளர்ந்துள்ளன. ஈராக்கின் பிடியிலிருந்து விடுபட்டதன் இரண்டாம் ஆண்டு நிறைவுக்குக் குவைத் 1993இல் ஒரு தினார் மதிப்பில் பாலிமர் தாள் ஒன்றை வெளியிட்டது. 1920ஆம் ஆண்டின் வார்சா போருக்கு நூறாண்டு நிறைந்தபோது போலந்து 20 ஸ்லோட்டி தாளை வெளியிட்டது. உக்ரைனோ, போர் நடந்துகொண்டிருக்கும்போதே, அதன் முதலாண்டு நிறைவையொட்டி 2023 பிப்ரவரியில் 20 ஹிரிவ்னியா தாளை வெளியிட்டது. தமிழர்க்கு மிக அருகிலிருக்கும் சான்று, உள்நாட்டுப் போர் முடிந்ததைக் குறித்து இலங்கை மத்திய வங்கி 2009 நவம்பரில் வெளியிட்ட 1000 ரூபாய்த் தாள் ஆகும். அதன் ஒரு பக்கத்தில் அன்றைய குடியரசுத் தலைவர் மகிந்த ராஜபக்ச இரு கைகளையும் உயர்த்தி நிற்கிறார். மறு பக்கத்தில் படையினர் தேசியக் கொடியை ஏற்றுகின்றனர். அப்போரின் இறுதி மாதங்களில் மாண்ட தமிழ்ப் பொதுமக்களுக்கு அத்தாளின் எந்தப் பக்கத்திலும் இடமில்லை.

இவ்வகைத் தாள்களைச் சேர்ப்போர் முதலில் மனத்திற்கொள்ள வேண்டியது இதுவே: போர் நிகழ்ந்த காலம் ஒன்று, தாள் அச்சான காலம் வேறொன்று, தாளில் உள்ள உருவங்களைத் தேர்ந்தெடுப்பது இரண்டாம் காலத்தின் அரசு. ஆகவே போரின் நடுவில் மக்கள் கையில் புழங்கிய தாளையும் அருகில் வைத்துப் பார்த்தாலன்றி நினைவுத் தாளை முழுமையாகப் படிக்க இயலாது. இதனைத் தெளிவாகக் காட்டவல்லது, 1971ஆம் ஆண்டுப் போரைக் குறித்து வங்கதேசம் 2011இல் வெளியிட்ட 40 டாக்கா தாளாகும்.

வங்கதேசம் அன்று பாகிஸ்தானின் கிழக்குப் பகுதி. 1970 டிசம்பர்ப் பொதுத்தேர்தலில் ஷேக் முஜிபுர் ரகுமானின் அவாமி லீக் பாகிஸ்தான் முழுவதற்குமான பெரும்பான்மையைப் பெற்றும் ஆட்சி அதனிடம் ஒப்படைக்கப்படவில்லை. 1971 மார்ச் 25ஆம் நாள் இரவு டாக்கா நகரில் இராணுவம் தாக்குதலைத் தொடங்க, மறுநாள் வங்கதேசத்தின் விடுதலை அறிவிக்கப்பட்டது. தனி அரசு அறிவிக்கப்பட்ட அந்நாட்டுக்குத் தனிப் பணம் கிடையாது. மக்கள் கையில் இருந்தவை பாகிஸ்தான் ரூபாய்த் தாள்களே. அவற்றின் மீது ‘ஜொய் பாங்லா’ (வங்கத்துக்கு வெற்றி) என்றும் ‘பாங்லாதேஷ்’ என்றும் ரப்பர் முத்திரை குத்திப் புழங்கவிட்டனர் விடுதலை ஆதரவாளர்கள். ஒரு நாட்டின் பணத்தின் மீதே அந்நாட்டின் ஆட்சியை மறுத்து எழுதிய இச்செயலைப் பாகிஸ்தான் அரசு எளிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முத்திரை பெற்ற தாள்களை மதிப்பிழக்கச் செய்ததோடு, கிழக்குப் பகுதி வங்கிகளிலிருந்து எடுத்துச் செல்லப்பட்ட பணம் எவருக்கும் பயன்படாமல் போகவேண்டும் என்று 1971 ஜூனில் 100 ரூபாய், 500 ரூபாய்த் தாள்கள் செல்லாதென அறிவித்தது.

முத்திரை குத்திய அத்தாள்கள் இன்று சேகரிப்பாளரிடையே பெரிதும் விரும்பப்படுகின்றன. அதனாலேயே போலிகளும் பெருகியுள்ளன. இங்குத் தாள் போலியானதன்று என்பதைக் கவனிக்க வேண்டும். மலிவாகக் கிடைக்கும் உண்மையான பழைய பாகிஸ்தான் தாளில் பிற்காலத்தில் முத்திரை மட்டும் புதிதாகக் குத்தப்படுகிறது. இதனைக் கண்டறியச் சில வழிகள் உண்டு. முத்திரை முதலில் விழுந்து தாள் பின்னர் மடிக்கப்பட்டிருந்தால் மடிப்புக் கோட்டில் மை தேய்ந்து வெளுத்திருக்கும். தாள் மடிந்து நைந்த பின்னர் முத்திரை விழுந்திருந்தால், உடைந்த நாரிழைகள் மையை உறிஞ்சி மடிப்புக் கோடு மற்ற இடங்களைக் காட்டிலும் கறுத்துத் தோன்றும். இதனினும் உறுதியான சான்று கையெழுத்து. பாகிஸ்தான் ஸ்டேட் வங்கியின் ஆளுநராக 1967 முதல் 1971 ஜூலை வரை இருந்தவர் எம். ரசீத், அவரையடுத்து அவ்வாண்டு டிசம்பர் வரை இருந்தவர் எஸ். யு. துரானி, குலாம் இஷாக் கான் பொறுப்பேற்றதோ டிசம்பர் 22ஆம் நாள், அதாவது டாக்கா நகரில் பாகிஸ்தான் படை சரணடைந்து ஆறு நாட்கள் கழிந்த பின்னர். ஆதலின் குலாம் இஷாக் கான் ஆளுநராகக் கையெழுத்திட்ட தாளில் ‘ஜொய் பாங்லா’ முத்திரை காணப்பட்டால், அது போர்க்காலத்தில் குத்தப்பட்டதாக இருக்கவே முடியாது.

1971 டிசம்பர் 16 அன்று பாகிஸ்தான் தளபதி நியாசி, இந்திய–வங்கதேசக் கூட்டுப் படைகளின் தளபதி ஜகஜித் சிங் அரோராவிடம் சரணடைந்ததோடு போர் முடிந்தது. ஆயினும் பாகிஸ்தான் ரூபாயே மேலும் சில மாதங்கள் புழங்கியது. 1972 மார்ச் 4ஆம் நாள் டாக்கா என்னும் புதிய பணம் நடைமுறைக்கு வந்தபோது, அதன் முதல் தாள்கள் இந்தியாவின் நாசிக் பாதுகாப்பு அச்சகத்தில் அச்சாகி வந்தன. நாட்டின் வரைபடம் முகப்பில் விளங்குவதால் இவை ‘வரைபடத் தாள்கள்’ எனப்படுகின்றன. இவை நினைவுத் தாள்கள் அல்ல. எனினும் போரின் வெற்றியை இவற்றைவிட நேராகச் சொல்லும் பணம் வேறில்லை.

இந்தியாவிலும் அப்போர் தாளில் பதிந்திருக்கிறது. எல்லை தாண்டி வந்த ஏறத்தாழ ஒரு கோடி அகதிகளைக் காக்கும் செலவுக்காக 1971 நவம்பர் 15 முதல் நாடெங்கும் அஞ்சல்களில் கூடுதலாக 5 பைசா அகதிகள் நிவாரண அஞ்சல்தலை ஒட்ட வேண்டுமென ஆணையிடப்பட்டது. உரிய தலைகள் எல்லா ஊர்களையும் உடனே சென்றடையாமையால், பல அஞ்சல் வட்டங்களில் இருப்பிலிருந்த தலைகளின் மீதே முத்திரை குத்தி வழங்கினர். தமிழ்நாட்டு வீடுகளின் பழைய கடிதக் கட்டுகளிலும் இத்தலைகள் இருக்கக்கூடும். பணத்தாள் சேர்ப்போர் அஞ்சல்தலையை வேறு துறையென ஒதுக்குவது வழக்கமாயினும், அகதிகளின் துயரைப் பற்றி அப்போரின் எந்தப் பணத்தாளும் பேசாத நிலையில், இந்த 5 பைசாத் தலையை அவற்றோடு சேர்த்து வைப்பதே முறை.

இனி நினைவுத் தாள். வெற்றியின் நாற்பதாம் ஆண்டு நிறைவுக்கு, 2011 டிசம்பரில் வங்கதேச வங்கி 40 டாக்கா தாளை வெளியிட்டது. அந்நாட்டில் அன்றாடப் புழக்கத்தில் இல்லாத மதிப்பு அது. ஆண்டுக் கணக்கே பணமதிப்பாயிற்று. முகப்பில் முஜிபுர் ரகுமானின் உருவமும், சாவரில் உள்ள தேசியத் தியாகிகள் நினைவுச் சின்னமும் உள்ளன. கட்டடக் கலைஞர் சையது மைனுல் உசைன் வடிவமைப்பில் 1982இல் நிறைவுற்ற அச்சின்னம், ஏழு முக்கோணச் சுவர்கள் ஒன்றனுள் ஒன்றாக உயர்ந்து செல்லும் அமைப்பினது. தாளின் பின்புறத்தில் ஆயுதமேந்திய விடுதலைப் போராளிகள் நிற்கின்றனர். தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் மட்டும் தெரியும் உருவத்தை நீர்க்குறி என்பர். தாள் உருவாகும்போதே அதன் கனத்தைக் கூட்டியும் குறைத்தும் அதனை அமைக்கின்றனர். 40 டாக்கா தாளின் நீர்க்குறியில் காணப்படும் எண் 40 அன்று, 10. வழக்கமான 10 டாக்காவுக்கென ஆயத்தமாகி மிஞ்சியிருந்த தாளிலேயே இது அச்சிடப்பட்டது என்பதை இதிலிருந்து அறிகிறோம். அடுத்த ஆண்டு வங்க மொழிப் போராட்டத்தின் அறுபதாம் ஆண்டுக்கு வெளியான 60 டாக்கா தாளிலும் இவ்வாறே 50 என்னும் நீர்க்குறி உண்டு. இவற்றைப் பிழையென்று சிலர் விலையை ஏற்றி விற்கின்றனர். அச்சான எல்லாத் தாள்களிலும் உள்ள இயல்பு அரிய பிழை ஆகாது என்பதால், அதற்கென ஒரு டாக்காகூடக் கூடுதலாகக் கொடுக்கத் தேவையில்லை.

முகப்பில் முஜிபுர் இருப்பதையும் இயல்பானதென்று கடந்துவிடலாகாது. 1975 ஆகஸ்டில் அவர் கொல்லப்பட்ட பின்னர் வந்த தாள்களில் அவர் உருவம் நீங்கி, மசூதிகளும் வேறு காட்சிகளும் இடம்பெற்றன. அவர் மகள் ஷேக் ஹசீனா ஆட்சியில் 1990களின் இறுதியில் அவ்வுருவம் மீண்டது. 2001இல் ஆட்சி மாறியபின் மறைந்தது. ஹசீனா மீண்டும் பிரதமரானபின் 2011இல் வந்த புதிய வரிசையில் முதன்மை இடம் பெற்றது. நாற்பது டாக்கா பிறந்தது அதே ஆண்டில். 2024 ஆகஸ்டில் ஹசீனா ஆட்சி வீழ்ந்தது. 2025 ஜூனில் வெளியான புதிய தாள்களில் முஜிபுர் இல்லை. ஆனால் சாவர் நினைவுச் சின்னம் 1000 டாக்கா முகப்பில் தொடர்கிறது. தலைவரின் உருவம் ஆட்சிக்கு ஆட்சி வருவதும் போவதுமாயிருக்க, மாண்டவர்களின் சின்னம் மட்டும் எல்லாத் தரப்பும் ஏற்கும் பொது நினைவாக நிலைத்துவிட்டதை இத்தாள்களின் வரிசையே காட்டுகிறது.

எனவே போர் நினைவுத் தாள் ஒன்றை வாங்குவோர், அதனை உறையோடு தனியே பெட்டியில் பூட்டி வைக்காமல், அப்போர்க்காலத்தில் புழங்கிய ஒரு தாளையேனும் தேடி, அது நைந்து கிழிந்திருப்பினும் தயங்காது வாங்கி, இரண்டையும் ஆல்பத்தின் ஒரே பக்கத்தில் வைத்து, போர் நிகழ்ந்த ஆண்டையும் தாள் வெளியான ஆண்டையும் அப்போதைய ஆட்சியையும் அடியில் குறித்து வைக்க வேண்டும்.