பேரில்லாத கல்லறை, உடுப்பில்லாத தளபதி

டோக்கியோ உவேனோ பூங்கான்னா செர்ரி பூவும் மிருகக்காட்சி சாலையும்தான் எல்லாருக்கும் ஞாபகம் வரும். நானும் கேமராவைத் தூக்கிக்கிட்டு அதுக்குத்தான் போனேன். ஆனா அன்னிக்கு ரொம்ப நேரம் நின்னது ஒரு கல்லறைக்கு முன்னால. நாலு பேர்கிட்ட சொல்லியே ஆகணும்னு தோணிச்சு, அதான் இந்தப் பதிவு.

முதல்ல கொஞ்சம் பழங்கதை. இந்த இடம் முழுக்க ஒரு காலத்துல கோயில் நிலம். தென்காய்ங்கற துறவி (தேங்காய் இல்லீங்க!) 1625ல இங்க கனெய்ஜி கோயிலை நிறுவினார். அப்ப டோக்கியோவுக்கு எடோன்னு பேரு. பேரரசர் பேருக்கு இருக்க, நாட்டை நிஜமா ஆண்டவங்க டோகுகாவா ஷோகுன்கள். அவங்க குடும்பக் கோயில் இது. பதினஞ்சு ஷோகுன்கள்ல ஆறு பேரை இங்கதான் அடக்கம் பண்ணியிருக்காங்க.

1868ல ஆட்சி கைமாறிச்சு. பேரரசர் தரப்புப் படை எடோவை நெருங்க, கடைசி ஷோகுன் யோஷினோபு சண்டையே வேணாம்னு இதே கனெய்ஜியில வந்து ஒடுங்கி உக்காந்துட்டார். வந்த படையோட தளபதி சாய்கோ தகாமோரியும், ஷோகுன் தரப்பு கட்சு கைஷூவும் பேசி முடிச்சு, எடோ கோட்டை ரத்தம் சிந்தாம கைமாறிச்சு. ஊர் பிழைச்சது.

எல்லாருக்கும் மனசு ஒப்பலை. விசுவாசமான சாமுராய்கள் 'ஷோகிதாய்'னு ஒரு படையா சேர்ந்து இந்தக் குன்றுல முகாம் போட்டாங்க. யாருக்காக நின்னாங்களோ, அந்த ஷோகுன் அதுக்குள்ள மிதோவுக்குப் போயிட்டார்! ஜூலை 4, நல்ல மழை. கோயிலோட கறுப்பு வாசல்ல சாய்கோவின் சத்சுமா வீரர்கள் மோதினாங்க. இப்ப டோக்கியோ பல்கலைக்கழகம் இருக்கற ஹோங்கோ மேட்டுலேர்ந்து, ஷினோபாசு குளத்தைத் தாண்டி ஆம்ஸ்ட்ராங் பீரங்கிகள் சுட்டுச்சு. சாயங்காலத்துக்குள்ள எல்லாம் முடிஞ்சது. கோயிலோட பெரும்பகுதி சாம்பல். செத்தவங்க உடம்புகள் கேட்பாரில்லாம கிடந்தப்ப, எண்ட்சூஜி கோயில் துறவி ஒருத்தர் வந்து தகனம் செஞ்சார். அந்தக் கறுப்பு வாசல் இப்ப அவர் கோயில்லதான் நிக்குது, குண்டு துளைச்ச ஓட்டைகளோட.

இப்ப பூங்காவுக்குள்ள வாங்க. படியேறினதும் சாய்கோ சிலை. சாதாரண கிமோனோ, கையில நாய்க் கயிறு, ஏதோ காலைல வாக்கிங் கிளம்பின பெரியவர் மாதிரி. அதுக்குப் பின்னாடி கொஞ்ச தூரத்துல ஷோகிதாய் கல்லறை. பெரிய கல்லு, அதுல 'போரில் இறந்தோர் கல்லறை'ன்னு மட்டும் வெட்டியிருக்கு. எழுத்து, ஷோகுன்கிட்ட இருந்த யாமாஓகா தெஷ்ஷூவோடது. புது அரசாங்கத்துக்குப் பயந்து 'ஷோகிதாய்'ங்கற பேரையே விட்டுட்டாங்க.

ஜெயிச்ச சாய்கோ மட்டும் என்ன ஆனார்? தானே உருவாக்கின அரசாங்கத்தை எதிர்த்து 1877ல கிளம்பி, தோத்து, ககோஷிமாவுல செத்தார். துரோகிப் பட்டம். 1889ல மன்னிப்பு, 1898ல சிலை. முன்னாள் கலகக்காரரை ராணுவ உடுப்புல நிறுத்த அரசாங்கத்துக்குக் கூச்சமா இருந்திருக்கும்னுதான் எனக்குத் தோணுது. தோத்தவனுக்குப் பேர் இல்ல, ஜெயிச்சவனுக்கு உடுப்பு இல்ல.

எரிஞ்ச நிலம் பூங்காவானதுக்கும் ஒருத்தருக்கு நன்றி சொல்லணும். அரசாங்கம் இங்க மருத்துவமனை கட்ட நினைச்சப்ப, வேணாம், மரங்களோட பூங்காவா விடுங்கன்னு சொன்னவர் பௌடுவின்ங்கற டச்சு டாக்டர். 1873ல பூங்காவா அறிவிச்சாங்க. சரியா நூறு வருஷம் கழிச்சு அவருக்குச் சிலை வச்சாங்க, ஆனா முகம் அவர் தம்பியோடது! 2006லதான் மாத்தினாங்க :-)

பக்கத்துலயே பெரிய புத்தர் முகம் ஒண்ணு சுவர்ல பதிச்சிருக்கு. 1923 பூகம்பத்துல தலை கீழ விழுந்துது. உடம்பை ரெண்டாம் உலகப்போர்ல உருக்கிட்டாங்க. மிஞ்சினது முகம்தான். 'இனிமே விழவே மாட்டார்'னு பரீட்சை எழுதற பசங்க வந்து கும்பிட்டுட்டுப் போறாங்க.

சண்டையில தப்பிச்ச கியோமிசு கன்னோன் கோயிலும் அங்கேயே இருக்கு, 1631ல கட்டினது. உவேனோ போறவங்க செர்ரி மரத்தடிக்கு ஓடறதுக்கு முன்னால, சாய்கோ சிலைக்குப் பின்னாடி ஒரு அஞ்சு நிமிஷம் போயிட்டு வாங்க. பெரும்பாலும் கூட்டம் இருக்காது.