அச்செழுத்து வடிவமைப்பும் நூலாக்கச் செலவும்: தரங்கம்பாடி அச்சகத்தை முன்வைத்து

முன்னுரை

ஒரு பொருளின் உற்பத்திச் செலவு பட்டறையில் தோன்றுவதாகக் கருதப்படினும், அதன் பெரும்பகுதி வடிவமைப்பு நிலையிலேயே உறுதிப்பட்டுவிடுகிறது. தமிழ் அச்சு வரலாற்றில் இதற்குத் தெளிவான சான்று தரங்கம்பாடி அச்சகமாகும்.

ஹாலேயில் வார்த்த எழுத்துகள்

1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கின் முயற்சியால் ஜெர்மனியின் ஹாலே நகரில் தமிழ் எழுத்துகள் வார்க்கப்பட்டன. 1713-இல் அவை வந்து சேர்ந்தன. அவ்வெழுத்துகள் அளவில் மிகப் பெரியவை. எழுத்து பெரிதாயின் வரியில் சொற்கள் குறையும், பக்கங்கள் பெருகும், காகிதம், மை, அச்சிடும் உழைப்பு, கட்டமைப்பு ஆகிய அனைத்தும் உடன் பெருகும். அச்சுக் காகிதமோ ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வரவேண்டிய பொருள். ஆகவே ஹாலேயில் எடுத்த முடிவின் சுமையைத் தரங்கம்பாடி ஏற்க நேர்ந்தது.

சிற்றெழுத்தும் காகித ஆலையும்

இந்நெருக்கடிக்கு இரு தீர்வுகள் தேடப்பட்டன. அச்சர் ஆட்லர் பொறையாற்றில் வார்ப்புப் பட்டறை அமைத்துச் சிறிய எழுத்துகளை உருவாக்கினார். பாலாடைக்கட்டி பொதிந்து வந்த ஈயத் தகடுகளும் அதற்கு உருக்கப்பட்டதாகப் பதிவுகள் கூறும். எழுத்தின் உயரமும் அகலமும் பாதியானால் ஒரு பக்கம் நான்கு மடங்கு எழுத்துகளைக் கொள்ளும் என்பது எளிய கணக்கு. புதிய ஏற்பாட்டின் முற்பகுதி 1714-இல் பெரிய எழுத்திலும் எஞ்சியது 1715-இல் சிற்றெழுத்திலும் வெளிவந்தன. ஒரே நூலுக்குள் வடிவ மாற்றம் நிகழ்ந்தமை செலவின் அழுத்தத்தைப் புலப்படுத்துகிறது.

மற்றொரு தீர்வான காகித ஆலையின் பணி 1715-இல் தொடங்கியது. கடுதாசிப்பட்டறை என்னும் ஊர்ப்பெயரில் அதன் நினைவு எஞ்சியிருப்பினும், ஆலை நெடுங்காலம் நிலைக்கவில்லை. மூலப்பொருளின் வரவைப் பெருக்க முயன்ற வழி தளர, அதன் தேவையைக் குறைத்த வடிவமைப்பு வழியே பயன் தந்தது.

எண்ணிக்கை என்னும் கூறு

அளவைப் போலவே அச்சுருக்களின் எண்ணிக்கையும் செலவைத் தீர்மானிக்கும். ஒவ்வோர் உருவுக்கும் தனி வார்ப்பச்சும் எழுத்துப் பெட்டியில் தனி அறையும் தேவை. 1935-இல் பெரியார் 'குடி அரசு' இதழில் நடைமுறைப்படுத்திய எழுத்துச் சீர்திருத்தம் 1978-இல் தமிழக அரசின் ஏற்பைப் பெற்றது. அதில் மாறியவை 13 எழுத்துகள். எனினும் ணொ, ணோ, றொ, றோ, னொ, னோ ஆகிய ஆறும் பழைய ணா, றா, னா உருக்களையே மீளப் பயன்படுத்தியவை. எனவே கையால் எழுத்துக் கோக்கும் முறையில் விலக்கத்தக்க தனி உருக்கள் அம்மூன்றும், ணை, லை, ளை, னை ஆகிய நான்குமாக ஏழே. உகர, ஊகார உயிர்மெய்கள் மாறாமையால், மிகுதியான தனி உருக்கள் தேவைப்பட்ட பகுதி அவ்வாறே நின்றது.

முடிவுரை

எழுத்தின் அளவு காகிதச் செலவையும், உருக்களின் எண்ணிக்கை வார்ப்புச் செலவையும் முன்கூட்டியே வரையறுத்தன. தமிழ் நூல் வரலாற்றை ஆராய்வோர் அச்சிட்டோர், புரந்தோர் ஆகியோருடன் எழுத்துருவின் பருமையையும் வரலாற்றுச் சான்றாகக் கொள்ளுதல் வேண்டும்.