கயிறு இழுத்த கால்வாய்

வடசென்னையின் போக்குவரத்து வரலாற்றை எழுத உட்காருபவர்கள் 1856-இல் திறந்த ராயபுரம் ரயில் நிலையத்திலிருந்து தொடங்குவது வழக்கம். ஆனால் அந்த நிலையத்துக்கு அரை நூற்றாண்டு மூத்தது, கொருக்குப்பேட்டையில் நாம் மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கிற அந்தத் தண்ணீர். 1806-இல் சென்னையிலிருந்து எண்ணூர் வரை சுமார் 18 கிலோமீட்டருக்குக் கால்வாய் வெட்டி முடித்திருந்தார்கள். அமெரிக்காவின் ஹட்சன் ஆற்றில் ராபர்ட் ஃபுல்டனின் சக்கர நீராவிப் படகு நியூயார்க்கிலிருந்து ஆல்பனிக்கு 32 மணி நேரத்தில் போய்ச் சேர்ந்து உலகத்தை வியக்க வைத்தது அடுத்த ஆண்டில்தான்.

பணம் போட்டவர் பாசில் காக்ரேன். ஆங்கிலேயக் கடற்படைக்கு உணவுப் பொருள் வழங்கிப் பெரும்பணம் சேர்த்த ஒப்பந்தக்காரர். அவர் பெயராலேயே இது காக்ரேன் கால்வாய் ஆயிற்று. பிறகு லண்டனுக்குப் போன அவர் அங்கே நீராவிக் குளியல் நிலையம் ஒன்றை நடத்தினார். மேலைநாட்டாருக்கு ‘ஷாம்பு’ மசாஜை அறிமுகப்படுத்திய பாட்னாக்காரர் ஷேக் தீன் முகமது லண்டனில் முதலில் வேலை பார்த்தது அங்கேதான். நீராவியில் மனிதரைக் குளிப்பாட்டியவரின் கால்வாயில், சரக்குப் படகை நகர்த்தியது என்னவோ மனிதத் தோள்தான்.

காற்று வாகாக அடித்தால் பாய் விரிப்பார்கள். இல்லையென்றால் கயிறு. பாய்மரத்தில் கட்டிய நீளக் கயிற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு ஆட்கள் கரைமேல் முன்னே சாய்ந்து நடப்பார்கள். படகு கரையில் முட்டாமல் பின்னால் ஒருவர் சுக்கானைத் திருப்பிக்கொண்டிருப்பார். ஆழம் குறைந்த இடத்தில் நீண்ட கழியைத் தரையில் ஊன்றி, அதில் மார்பைக் கொடுத்துத் தள்ளவேண்டும். கடலின் ஏற்றவற்றம் எட்டுகிற உப்புநீர்க் கால்வாய் என்பதால், ஆறு குறுக்கிடும் இடங்களில் லாக் கட்டியிருந்தார்கள். ஒரு கதவை மூடி, உள்ளே நீர்மட்டம் மறுபக்கத்தோடு சமமாகி, மறு கதவைத் திறக்கும்வரை படகு காத்துக்கிடக்க வேண்டும்.

வந்த சரக்கெல்லாம் அடுப்படிக்கும் கட்டுமானத்துக்கும் உரியது: எண்ணூர்ப் பக்கத்து உப்பளங்களின் உப்பு, பழவேற்காட்டுக் கிளிஞ்சல், எல்லாவற்றுக்கும் மேலாக விறகு. ராக்கெட் ஏவுவதற்கு முன்னால் ஸ்ரீஹரிகோட்டா, சென்னை அடுப்புகளுக்கு விறகு அனுப்பிய தீவு. படகுகள் பேசின் பிரிட்ஜ் பக்கம் வந்து இறக்கும். அங்கிருந்து ஊரெங்கும் உள்ள விறகுத் தொட்டிகளுக்கு வண்டிகளில் போகும். பாலத்தின் பெயரில் உள்ள பேசின் அந்தப் படகுத்துறைதான்.

ரயில் வந்ததும் கால்வாய் செத்தது என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சென்னை ரயில்வேயின் ஆரம்பகால இன்ஜின்கள் விறகு எரித்தே ஓடின. கடற்கரையெங்கும் சவுக்குத் தோப்புகள் பெருகியதற்கு அதுவும் ஒரு காரணம். மிசிசிப்பியின் நீராவிப் படகுகள் கரையோரக் காட்டை வெட்டித் தாமே எரித்துக்கொண்டு போயின. நம் படகோ தான் ஒரு சுள்ளியும் எரிக்காமல், நீராவி யுகத்துக்கே விறகு சுமந்தது.

1837-இல் அரசு கால்வாயை எடுத்துக்கொண்டு வடக்கே நீட்டியது; கடைசியில் ஆந்திரத்தின் பெத்தகஞ்சாம் வரை போயிற்று. தெற்கே மரக்காணம் எல்லை. நடுவில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் சுமார் 8 கிலோமீட்டர், 1877-78 தாது வருஷப் பஞ்சத்தில் நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. பசியால் ஊர்விட்டு வந்தவர்கள் கூலிக்குத் தோண்டிய பள்ளம் அது. 1878-இல் கால்வாய்க்குப் பெயர் வைத்தபோது அந்தப் பெருமை கிடைத்ததோ அன்றைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனுக்கு.

1965, 1966 புயல்கள் கரைகளைக் குலைத்தன. லாரி பெருகியிருந்த காலம். தூர் வார ஆர்வம் காட்டியவர்கள் குறைவு. நான் குறை சொல்வது புயலை அல்ல, பராமரிப்பை. 1990-களில் பறக்கும் ரயிலுக்கு நகரின் நடுப்பகுதிக் கால்வாய்க்குள்ளேயே தூண்களை இறக்கினார்கள். 2008-இல் அதே கால்வாயைத் தேசிய நீர்வழி 4-இன் பகுதியாகவும் அறிவித்தார்கள்! இரண்டு கோப்புகளும் ஒரே மேசைக்கு வந்திருக்காது போலும்.

வடக்கே, எர்ணாவூர் தாண்டி அத்திப்பட்டு வரையுள்ள பகுதியில் தூண்கள் இல்லை. அனல்மின் நிலையங்களும் தொழிற்சாலைகளும் இருக்கின்றன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் இதே கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரத்துக்கு வந்து சேர்ந்தது. மீனவர்கள் தங்கள் ஃபைபர் படகுகளில் போய், வாளியாலும் குவளையாலும் அதை அள்ளிப் பீப்பாய்களில் நிரப்பினார்கள்.