பயிற்சி விமானங்கள்: தரையிறக்கம் ஏன் கடினமாகிறது?

கர்நாடக மாநிலம் பெலகாவியின் சாம்ப்ரா விமான நிலையத்தில் இருந்து 2023-ஆம் ஆண்டு மே 30-ஆம் தேதி புறப்பட்ட பயிற்சி விமானம், ஹொன்னிஹால் கிராமம் அருகே வயலில் அவசரமாகத் தரையிறங்கியது. அதில் இருந்த பயிற்றுநரும் மாணவரும் லேசான காயங்களுடன் தப்பினர். அதே ஆண்டு அக்டோபரில், மகாராஷ்டிர மாநிலம் பாராமதியில் 4 நாள்களில் 2 பயிற்சி விமானங்கள் விபத்துக்குள்ளாகின.

இத்தகைய விபத்துகளுக்கு எப்போதும் இயந்திரக் கோளாறே காரணமாக இருப்பதில்லை. எந்தக் கோளாறும் இல்லாத விமானத்தைக்கூட மாணவர் சேதப்படுத்திவிடக் கூடிய கட்டம் தரையிறக்கமாகும்.

செஸ்னா 172 போன்ற சிறிய விமானம் மணிக்கு சுமார் 120 கி.மீ. வேகத்தில் ஓடுதளத்தை நெருங்கும். தரைக்குச் சில அடி உயரத்தில் அதன் முகப்பைச் சற்றே உயர்த்தி, பின்சக்கரங்கள் முதலில் தரையைத் தொடுமாறு இறக்க வேண்டும். முகப்பை முன்கூட்டியே உயர்த்தினால் வேகம் குறைந்து விமானம் தொப்பென விழும். தாமதித்தால் முன்சக்கரம் முதலில் தரையில் மோதும்.

வேகமாக மோதிய விமானம் பந்தைப் போல மேலே துள்ளும். பதற்றத்தில் மாணவர் முகப்பைக் கீழே அழுத்தினால், அடுத்த மோதல் இன்னும் கடுமையாகும். முன்சக்கரம் முறிந்து, முன்பக்கச் சுழல் விசிறி தரையில் மோதுவது பெரும்பாலும் அப்போதுதான்.

இதைத் தவிர்க்கப் பயிற்றுநர்கள் கற்பிக்கும் வழி, முயற்சியைக் கைவிட்டு மீண்டும் மேலெழுவதாகும். எஞ்சினுக்கு முழு விசை கொடுத்து, வேகம் கூடிய பிறகு உயர்ந்து, ஒரு சுற்று வந்து மறுபடியும் இறங்கலாம். 'கோ-அரவுண்ட்' எனப்படும் இந்த முடிவு தோல்வியின் அடையாளம் அல்ல. அனுபவமிக்க விமானிகளும் தயங்காமல் எடுக்கும் முடிவுதான்.

கோலார் தங்கவயலில் உள்ளதைப் போன்ற பழைய, சிறிய ஓடுதளங்களில் கூடுதல் கவனம் தேவை. கட்டுப்பாட்டு கோபுரம் இல்லாத இடத்தில், துணியால் ஆன காற்றுத்திசைப் பையைப் பார்த்து விமானியே காற்றின் போக்கைக் கணிக்க வேண்டும். பக்கவாட்டுக் காற்று இலகுவான விமானத்தை ஓடுதளத்தை விட்டு எளிதில் விலக்கிவிடும்.

இந்தியாவில் 16 வயது நிறைந்தவர் மாணவர் விமானி உரிமம் பெறலாம். வணிக விமானி உரிமத்துக்கு 18 வயதும், 200 மணி நேரப் பறத்தல் அனுபவமும் அவசியம். அதில் குறைந்தது 100 மணி நேரம் விமானத்துக்குத் தாமே பொறுப்பேற்றுப் பறந்திருக்க வேண்டும். எனவே, பயிற்றுநர் அருகில் இல்லாமல் தனியே பறப்பது தவிர்க்க முடியாதது. குஜராத்தின் அம்ரேலியில் 2025 ஏப்ரலில் அவ்வாறு தனியே பறந்த பயிற்சி விமானி ஒருவர், விமானம் குடியிருப்புப் பகுதியில் விழுந்ததில் உயிரிழந்தார்.

விமான விபத்துப் புலனாய்வு அமைப்பின் விசாரணை, யார் மீதும் குற்றம் சுமத்துவதற்கானது அல்ல. அதே விபத்து மீண்டும் நிகழாமல் தடுப்பதே அதன் நோக்கம். மாணவர் தவறு செய்தாரா என்பதுடன், தனியே பறக்க அவர் தயாராக இருந்தாரா, அன்றைய காற்றும் ஓடுதளமும் அதற்கு ஏற்றவையாக இருந்தனவா என்பதும் அதில் ஆராயப்படும் கேள்விகளாகும்.